இருபத்தைந்து வருஷ மழை

அவிநாசிக்குக் கிழக்கே ஒரு வறண்ட கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார் ஞானமுத்து. சுற்றுவட்டாரத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் 1935-ல் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக ஒரு வெள்ளைக்காரத் துரை அந்த ஊருக்கு வந்தபோது, பேச்சைத் தமிழில் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

துரை, மன்னருடைய இருபத்தைந்து வருஷ 'ரெயின்' என்று ஆரம்பித்தார். ரெயின் என்றால் மழை. ஞானமுத்துவுக்குச் சந்தேகமே வரவில்லை. நல்ல ராஜா இருந்தால் மாதம் மும்மாரி பெய்யும் என்று நாம் சொல்வதில்லையா, துரைமாரும் அப்படித்தான் புகழ்வார்கள் போலிருக்கிறது.

"மகாராசா புண்ணியத்துல இருவத்தஞ்சு வருசமா மழை பெய்யுதுன்னு தொரை சொல்றாருங்க!"

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமாக அங்கே மண் நனையவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த, கிணற்றுத் தோட்டம் வைத்திருந்த பூவாத்தாள் எழுந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, எந்த ஊர்லீங்க பெய்யுது? எங்க கெணத்துல பாறை தெரியுதுங்க. அந்த மழை இங்கயும் வரட்டும்னு தொரைகிட்டச் சொல்லுங்க."

மன்னரின் ரெயின் தங்கள் ஊருக்கும் வேண்டும் என்கிறாள் என்று ஞானமுத்து இங்கிலீஷில் சொன்னார். துரை உருகிப்போனார். அது ஏற்கெனவே இந்த ஊரின் மேல் இருக்கிறது, என்றும் இருக்கும் என்றார்.

"அது இப்பவே நம்மூருக்கு மேலதான் இருக்குதாமுங்க!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெயிலில் கண் கூசியது. சிலர் கைகூப்பினார்கள். மன்னருக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்றெண்ணித் துரையும் தொப்பியைக் கழற்றினார்.

மாலையில், பந்தலில் கிடந்த அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும்தான் ஞானமுத்துவுக்குத் தவறு புரிந்தது. துரை சொன்னது வேறு சொல். நடுவில் உச்சரிக்கக் கூடாத ஒரு 'ஜி' இருந்தது. அரசாட்சி என்று பொருள். அதைப் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவர் 'ரெய்க்ன்' என்றே சொல்லிக்கொடுத்து வந்திருந்தார்.

மறுநாள் பூவாத்தாளின் தோட்டத்துக்குப் போனார்.

"அம்மணி, தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. தொரை சொன்னது மழையில்லீங்க, ஆட்சி."

"ஆட்சிங்களா? அது நம்ம மேல இருக்கறது எங்களுக்கே தெரியுமுங்களே! அதைச் சொல்லவா பந்தல் போட்டாங்க?"

துரையோ, இதைப் போல ராஜபக்தியுள்ள கிராமத்தைக் கண்டதில்லை என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அந்த வருஷம் மழையில்லை என்று நிலத்தீர்வைத் தள்ளுபடி கேட்டு ஊரார் மனுப் போட்டபோது, இத்தனை திருப்தியாக வாழும் ஊருக்குத் தள்ளுபடி எதற்கு என்று பதில் வந்தது. மனுவை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவர் ஞானமுத்துதான். மழை என்ற சொல்லை மட்டும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தே எழுதியிருந்தார்.