பின்னால் வரும் செருமல்

மித்ரா, கௌதம், இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. நம்மைப் போல ஊரை விட்டு இந்தப் பெரிய நகரத்துக்கு வந்த ஆம்பளைகள் யார் படித்தாலும் நல்லதுதான்.

கொஞ்ச நாளாக நம் ஈஜிபுரா சந்தில் ஒரு விசித்திரம். அடுகோடி ஒர்க்ஷாப்பிலிருந்து பொழுது சாய்ந்து நான் திரும்பும்போது, எனக்கு முன்னால் போகிற பெண்கள் திடீரென்று நின்றுவிடுகிறார்கள். செல்லை எடுத்துப் பார்க்கிறார்கள், பையில் எதையோ தேடுகிறார்கள். நானும் நின்றுவிடுவேன். அவர்கள் நடந்தால் நடப்பேன். வீடு கட்டாத காலி சைட்டின் நீளச் சுவர் இருக்கிறதே, தெருவிளக்கு எரியாத இடம், அங்கே வந்ததும் எல்லோருடைய நடையும் மாறிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது, அதற்குத்தான் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கே அந்த இடத்தில் கை மயிர் சிலிர்த்துக்கொள்ளும். பிறகு பேக்கரியில் டீ குடிக்கும்போது காதில் விழுந்தது, யாரோ ஒருத்தன் பெண்கள் பின்னாலேயே வருகிறானாம். அன்றிலிருந்து இன்னும் கவனமாகிவிட்டேன். எந்தப் பெண்ணையும் அந்தச் சுவரோரம் தனியாக விட்டதில்லை.

நம் ஊர் தங்கவயலில் அப்படித்தான் பழக்கம். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகிற பாதை, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டி இருட்டாகக் கிடக்கும். மார்க்கெட்டிலிருந்து ஒரு பொம்பளை தனியாகப் போனால், பின்னால் வருகிற ஆம்பளை முந்திப் போகமாட்டான். பேசமாட்டான். முகத்தைப் பார்க்கமாட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு தள்ளியே நடந்து, திருப்பத்தில் ஒரு தடவை தொண்டையைச் செருமுவான். பயப்படாமல் போ, பின்னால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி நடப்பவனை ஜென்டில்மேன் என்பார்கள். உங்கள் தாத்தா குடித்துவிட்டு வந்த நாளிலும் இதை மட்டும் விட்டதில்லை. சுரங்கம் மூடி, ரயிலேறி வந்து, நான் எத்தனையோ விஷயத்தை மாற்றிக்கொண்டேன். இதை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஒரு நாள் பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிற வடக்கத்திப் பெண் ஒருத்தி சுவரோரம் சட்டென்று திரும்பி, "க்யா சாஹியே?" என்றாள். என்ன வேண்டும் என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "ஹோகம்மா, நானு இத்தீனி" என்றேன். போம்மா, நான் இருக்கேன் என்று. அவள் ஓடியே போய்விட்டாள். எதைக் கண்டு பயந்தாளோ என்று நான் சுவரைத்தான் பார்த்தேன்.

அப்புறம் அந்த மழை நாள். ஆரஞ்சு ரெயின்கோட்டில் ஒரு பெண், தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் போனாள். மழைச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று பலமாகச் செருமினேன். ஓட ஆரம்பித்தாள். பேக்கரியில் பேசிக்கொண்ட அந்த ஆள் எங்கேயோ பக்கத்தில் இருக்கிறான் போலிருக்கிறது என்று நானும் வேகமாக நடந்தேன். அவள் பேக்கரி வெளிச்சத்தில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் நெஞ்சு ஆறியது. கழன்று விழுந்த ரப்பர் செருப்பு ஒன்று தண்ணீரில் கிடந்தது. தேடி வருவாளே என்று அதை எடுத்துச் சுவர் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

முந்தாநாள் சாப்பிடும்போது மித்ரா, நீ அம்மாவிடம் சொன்னாய்.

"அவன் கிட்ட வர்றதில்லம்மா. தள்ளியே வர்றான். நின்னா நிக்கிறான், நடந்தா நடக்கிறான். தலைய தூக்கறதே இல்ல. அந்த செவுத்துகிட்ட ஒரு செருமல் செருமறான் பாரு, முதுகுல ஐஸ் தண்ணி ஊத்தின மாதிரி. மழையன்னிக்கு நானே மாட்டிக்கினேன். பிரெண்டோட ரெயின்கோட்ட போட்டுகினு வந்தேன், ஓடினதுல ஒரு செருப்பு போச்சு. மறுநாள் பாத்தா அது செவுத்து மேல இருக்குது. நான் பாக்கணும்னே வெச்ச மாதிரி."

"செருமறதால காஃப் அங்கிள்னு பேரே வெச்சிட்டாங்க பி.ஜி. பொண்ணுங்க," என்று நீ சிரித்தாய் கௌதம். "சனிக்கிழமை நானும் பசங்களும் நிக்கப்போறோம். மாட்டட்டும்."

"அடிக்கக் கூடாதுடா," என்றேன்.

"பின்ன, மாலை போடணுமா? ஆம்பளைன்னா பொண்ணுங்களுக்குக் காவலா நிக்கணும்னு நீதானப்பா சொல்லுவ."

தட்டைத் தள்ளி வைத்தேன். என் குரலைக் கேட்டு வளர்ந்தவள், என் செருமலுக்குப் பயந்து செருப்பை விட்டு ஓடியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கம் நான்தான் இருந்திருக்கிறேன்.

நீங்கள் எழுந்து போனதும் உங்கள் அம்மா தட்டை எடுத்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதான அது?"

"காவலுக்குத்தான் போனேன். நம்ம லைன்ல பொம்பளைங்களுக்கு அது தைரியமாத்தான இருந்துச்சு?"

"அங்க சுரங்கத் தூசி தின்ன நெஞ்சு, ஒவ்வொண்ணும் ஒரு சத்தம். இது உங்கப்பா, இது எங்க மாமான்னு கேட்டதும் சொல்லிடுவோம். தெரியாத செருமல் வந்தா அங்கயும் ஓடத்தான் ஓடினோம். இங்க உங்கள யாருக்குத் தெரியும்?"

இத்தனை வருஷத்தில் ஒரு பொம்பளையிடமும் நான் இதைக் கேட்டதில்லை.

கௌதம், சனிக்கிழமை நிற்க வேண்டாம். அவன் இனி வரமாட்டான். உனக்கு நான் சொன்னதெல்லாம் பொய்யில்லை, ஆனால் காவல் நிற்குமுன் அவர்களுக்கு அது வேண்டுமா என்று கேட்டுக்கொள். மித்ரா, அந்தச் செருப்பை நீ தேடி அலையக் கூடாது என்றுதான் எடுத்து வைத்தேன்.

நேற்று சாயங்காலம் சந்து முனையில் ஒரு பெண் எனக்கு முன்னால் திரும்பினாள். நான் பேக்கரி வாசலிலேயே நின்றுவிட்டேன். தொண்டை வரை வந்த செருமலை விழுங்கினேன். அவள் போய்ச் சேர்ந்து, சந்து காலியான பிறகு நடந்தேன். சுவரோரம் யாருமில்லை என்று தெரிந்துகொண்டு, மெல்ல ஒரு தடவை செருமிப் பார்த்தேன். சத்தம் சுவரில் பட்டு எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அது என் அப்பாவின் சத்தமாகவும் இருந்தது, யாரென்றே தெரியாத ஒருத்தனுடையதாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பிறகு, வீட்டு விளக்கு தெரிகிறவரை வேகமாக நடந்தேன்.