கிரேன் அண்ணன் பார்க்காத அரைமணி நேரம்

எங்கள் கேண்டீன் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. இடது பாதி என்னுடையது. அன்றைய குழம்பையும் பொரியலையும் எழுதுவேன். வலது பாதி கிரேன் அண்ணனுடையது. கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலை ஒன்றில் நான் சமையல் வேலை பார்த்த இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. மதிய ஷிப்டுக்கு வரும் அண்ணன், கிரேனில் ஏறுமுன் சாக்பீஸால் சினிமா விமர்சனம் எழுதுவார். பக்கத்து ஊரான பொன்னேரியில் வெள்ளிக்கிழமை படம் வந்தால், வெள்ளிக்கிழமையே பலகையில் தீர்ப்பு. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு மட்டும்தான் லீவு. அந்த நாளில் எந்தப் படத்துக்குப் போவது என்பதைப் பலகைதான் முடிவு செய்தது. பத்திரிகைக்காரன் எழுதியதை எவன் நம்பினான்?

ஒரு டப்பிங் படம் வந்தது. குங்ஃபூ வாத்தியாரும் ஜேப்படித் திருடனும் கூட்டாளிகளாகிக் கடத்தல்காரர்களைப் புரட்டி எடுக்கும் கதை. சென்னையில் முந்தின வாரமே ஓடியதால் பத்திரிகைகள் அதன் நட்பைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தன. அண்ணன் கொதித்துவிட்டார். "சண்டை பிரமாதம். ஆனால் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்து எதிரியோடு சேர்கிறான் திருடன். இதை நட்பு என்று எழுதியவர்களுக்குக் கண் இல்லையா?" என்று எழுதித் தள்ளினார். ஆலையில் ஒருவரும் போகவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் பிடிவாதமாக என்னை இழுத்துப் போனார்.

திருடன் காட்டிக்கொடுக்கவே இல்லை! வில்லனை மடக்க இருவரும் சேர்ந்து போட்ட நாடகம் அது. கடைசியில் தெரிந்தபோது நான் அழுதேவிட்டேன். திங்கட்கிழமை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இன்னாண்ணா, தூங்கிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுத் தொலைத்தேன். கதையைச் சொன்னதும் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "உன்ன நம்பி இருந்த ஒரு லீவையும் ஊட்லயே உக்காந்துகினு ஓட்டுனோமே!"

அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு மணிக்கு ஷிப்ட்டும்மா. காலக் காட்சி முடியறதுக்குள்ள எழுந்து வந்து ஒரு மணி ரயில புடிச்சாதான் ஆச்சு. எந்தப் படத்துலயும் கடைசி அரைமணி நேரம் நான் இருந்ததே இல்ல. வில்லன் சாவான், அதுல இன்னா பாக்கறதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எனக்குப் பாவமாகிவிட்டது. "உடுண்ணா, தொடச்சிடறேன். நீ பாதில எழுந்து வந்தது யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். தெரிந்தால் அதன்பின் அவர் எழுத்தை எவன் மதிப்பான்? மேலே தனியாக உட்கார்ந்து இரும்பு தூக்கும் மனுஷனுக்கு அந்த அரைப் பலகைதானே மரியாதை.

இன்று படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்த்தால், அந்தப் புதன்கிழமைதான் எனக்கு நினைவு வருகிறது. செவ்வாய்க்கிழமை லீவு போட்ட அண்ணன், புதன் மதியம் நேராகப் பலகைக்கு வந்தார். நான் ஈரத்துணியோடு நின்றேன்.

"தொடாத. தப்பா எழுதினேன்னு சொல்றதுக்கு, எழுதினது அங்க இருக்கணுமில்ல? உன் பக்கத்துல கொஞ்சம் எடம் குடு."

சாம்பாரையும் பொரியலையும் அழித்தேன். சாப்பாட்டுத் தட்டோடு எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக எழுதினார். "நேற்று படத்தை முழுதாகப் பார்த்தேன். பத்திரிகைகள் சொன்னதே சரி. திருடன் நல்லவன்." அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. "இதுவரை நான் எழுதிய எந்தப் படத்தின் முடிவையும் நான் பார்த்ததில்லை."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

"சரிண்ணா, இந்த வாரம் எதுக்குப் போலாம்?"

அண்ணன் கையைத் தட்டி சாக்பீஸ் தூளை உதறினார்.

"ஞாயித்துக்கிழமை முழுசா பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் ஒருத்தனும் போவாதீங்க."

ஒருத்தரும் போகவில்லை.