கருமாதி முடிந்தவனுக்கு ரத்தப் பரிசோதனை

ஹார்மோன் மருந்து எடுக்கிறேன் அல்லவா, அதற்கான ரத்தப் பரிசோதனை இன்று. மூன்று மாதம் காத்திருந்து அரசாங்கக் கிளினிக்கில் கிடைத்த தேதி.

பக்கத்தில் இருந்த அக்கா, "சேலை அழகா இருக்குலா, எங்க வாங்குனீங்க?" என்றார்.

"நம்ம கடைதான், லுக்குட் டவுன்ல இருக்கு, வாங்கக்கா."

பேச்சில் தெரிந்தது, அவர் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்காரர். நான் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது தாதி மலாயில் கூப்பிட்டார்: "குணசேகரன் ஆனாக் லெலாக்கி முனியாண்டி!"

அடையாள அட்டையில் இன்னும் முனியாண்டியின் மகன்தான் நான்.

அக்கா திடுக்கிட்டார். "ஐயோ, எங்க தோட்டத்துல ஆள மேய்ச்ச மண்டோர் மவன் பேருலா இது! அவன் செத்துட்டான்னு அவங்கம்மா கருமாதியே பண்ணுனாங்களே!"

எனக்கு இன்றுதான் தெரியும்.

மறுபடி கூப்பிட்டார்கள். விட்டால் இன்னும் மூன்று மாதம். எழுந்தேன்.

"நாந்தான்க்கா அது."

அந்தக் கருமாதிச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: எந்தப் படத்துக்கு மாலை போட்டார்கள்?