பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

அழகையாவுக்கு நாற்பது வருஷமாக ஒரே வியாதி. எடுத்த சாமான் எடுத்த இடத்துக்குத் திரும்பி வராவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

வியாதி தொற்றியது இலங்கை விமானப்படையில். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பத்தொன்பது வயதில் கிளம்பிப்போய் விமான மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் எஞ்சினை மூடிய பிறகு ஸ்குரூ டிரைவர் ஒன்று குறைந்தது. குறைந்தால் விமானம் பறக்கக்கூடாது. அது உள்ளே கிடந்து எதையாவது கெடுத்தால் மேலே போனவன் உயிரோடு இறங்கமாட்டான். பன்னிரண்டு பேர் வெயிலில் நின்று, பூட்டிய எஞ்சினைத் திரும்பக் கழற்றித் தேடினார்கள். கடைசியில் அது அழகையாவின் காலுறைக்குள் செருகியபடி இருந்தது. அடேயப்பா, அன்றைக்கு வாங்கிய சிங்களத் திட்டில் பாதிக்கு இன்னும் அவருக்கு அர்த்தம் தெரியாது!

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம், ஒரு சாமானும் அவர் கையில் தொலையவில்லை. சண்டைக் காலத்தில் முகாமில் தமிழன் என்று ஒரு மாதிரிப் பார்த்தார்கள். லீவில் வந்தால் தோட்டத்தில் ஆமிக்காரன் என்று ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "நான் நட்டு முறுக்குற ஆளுங்க" என்று இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொல்லிச் சமாளித்தார்.

ஓய்வு பெற்று அம்பிட்டியவில் வீடு கட்டிக்கொண்டு வந்தாரா, வியாதியும் கூடவே வந்தது. குசினிச் சுவரில் பெரிய பலகை. அதில் அகப்பைக்கு ஒரு கோட்டுப்படம், கத்தரிக்கோலுக்கு ஒன்று, டோர்ச்சுக்கு ஒன்று. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் நம்பர் குத்திய பித்தளை வில்லைகள். அவர் ஒன்று, மனைவி கலாராணி இரண்டு, ஒரே மகள் சஞ்சீவனி மூன்று. யார் எதை எடுத்தாலும் அதன் இடத்தில் தன் வில்லையை மாட்டவேண்டும். பழுதான சாமானுக்குச் சிவப்பு அட்டை: 'பாவிக்கக் கூடாது.' ரைஸ் குக்கரில் அந்த அட்டை தொங்கிய நாலாம் நாள், கலாராணி பொறுக்கமாட்டாமல் அதைக் கழற்றி, மத்தியானத் தூக்கத்திலிருந்த புருஷன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

சஞ்சீவனிக்குப் பல்லேகலையில் மாப்பிள்ளை அமைந்தது. தினுஷன் என்று தங்கமான பிள்ளை. அம்பிட்டியவிலிருந்து அதிகம் போனால் முக்கால் மணிப் பயணம். அழகையாவோ மகளைக் கனடாவுக்கு அனுப்புகிறவர் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தக் கவலையோடு வீறாப்பு வேறு.

"பொண்ணு குடுத்த வீட்ல அடிக்கடி போயி நிக்கிறது மரியாத இல்ல. தீவாளிக்கு ஒரு தடவ, பொங்கலுக்கு ஒரு தடவ. அவ்வளவுதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அது சஞ்சீவனி காதிலும் விழுந்தது.

கல்யாணத்தன்று கண்டிக் கோயிலில் ஒன்பது பத்திலிருந்து பத்து மணி வரை முகூர்த்தம். எட்டரைக்குப் பெண்ணை ஏற்றப் பூவெல்லாம் கட்டி நின்ற வாடகைக்கார் முனாபின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அழகையாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். கன்வஸ் துணியில் பன்னிரண்டு பை தைத்து ஸ்பேனர்களைச் செருகி வைத்திருந்தார். அதை விரித்து, பத்தாம் நம்பரை உருவி, பெட்டரி டெர்மினலை இறுக்கினார். கார் உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

துணியைச் சுருட்டுமுன் பழக்கதோஷத்தில் எண்ணினார். பதினொன்று. திரும்ப எண்ணினார். பதினொன்றேதான். பதினாலாம் நம்பரின் பை காலி. அதில் வில்லையும் இல்லை.

அழகையா எஞ்சினை நிறுத்தினார். உள்ளே போய்ச் சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து ஸ்டியரிங்கில் மாட்டினார்.

முனாப் தலையில் கை வைத்தான். "அண்ணே, நீங்க எடுத்தது பத்து. பதினாலு எப்பிடி என்ட கார்ல ஈக்கும்?"

"அது ஒங்க பேச்சு. எடம் காலியா இருக்கு. தொறந்த எஞ்சின், சாமான் கொறையுது. கிளம்பாது."

வேறு கார் தேட நேரமில்லை. கல்யாண வீடு மொத்தமும் ஸ்பேனர் தேடியது. பட்டுச்சேலைகள் காருக்கடியில் குனிந்தன. அழகையாவின் அக்கா புஷ்பம் சீர்த்தட்டுப் பலகாரத்தைப் பாயில் கொட்டிப் பார்த்தாள். "தம்பி, லட்டுக்குள்ளயா ஒளிஞ்சிருக்கும்?" என்று அவளே கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்றாவது தடவை போன் வந்தது. மணி ஒன்பதரை.

கலாராணி நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். "என்னங்க, புள்ளைய அனுப்ப மனசில்ல. அதுக்கு ஸ்பேனர சாட்டுறீங்க. அதானே?"

அழகையாவுக்குச் சுருக்கென்றது. பதினொன்று என்று எண்ணி முடித்ததும் பயத்துக்கு முன்னால் வந்தது ஒரு சின்ன மகிழ்ச்சிதான். இன்னும் கொஞ்ச நேரம் பிள்ளை வீட்டில் இருப்பாளே என்று. வெட்கமாயிருந்தது. அட்டையைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். நாற்பது வருஷப் பழக்கம், கை அட்டையைத் தொட மறுத்தது. மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்போது சஞ்சீவனி மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்தாள். கைப்பையைத் திறந்து பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். "நேத்து எடுத்தேம்பா. இப்ப வண்டிய மறிப்பீங்கன்னு நெனக்கல."

"எடுத்தவ வில்லைய மாட்டலையே!" என்றுதான் முதலில் அவர் வாயில் வந்தது.

"மாட்டியிருந்தா எதுக்குன்னு கேப்பீங்க."

"எதுக்கு?"

"தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவேன்னீங்க. சாமான் ஒன்னு கொறஞ்சா தேடிக்கிட்டு வராம இருப்பீங்களா?" சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

 அழகையாவுக்குக் கண்ணைத் துடைக்கச் சால்வை நுனி போதவில்லை. ஸ்பேனரை வாங்காமல் விறுவிறுவென்று குசினிக்குள் போனார். மூன்றாம் நம்பர் வில்லை ஒன்றை ஆணியிலிருந்து எடுத்து வந்து, காலியாயிருந்த பையில் போட்டார்.

"சாமான் வெளிய. ஆள் தெரியும். வண்டி போகலாம்" என்று அட்டையைக் கழற்றினார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "வெளிய இருக்கிற சாமான வாரத்துக்கு ஒரு தடவ நேர்ல போயி பாக்கணும். சட்டம்" என்றார்.

"அப்பிடி ஒரு சட்டமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள் கலாராணி.

"இருக்கு, இருக்கு. ஏறு."

முனாப் அன்று ஓட்டிய ஓட்டத்தைக் கண்டித் தெருக்கள் மறக்காது. பத்து மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கத் தாலி ஏறியது.

இப்போது சனிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் அழகையா பல்லேகலையில் ஆஜர். சஞ்சீவனி அலுமாரி லாச்சியை இழுத்துத் திறந்து காட்டுவாள். அவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, திரும்ப வைப்பார். அப்புறம் டீ, அப்புறம் மத்தியானச் சோறு, பொழுது சாயத்தான் பஸ்.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை, பாவம், நல்ல மனசோடுதான் அதை ஒரு தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "மாமா, இதுக்காக வாராவாரம் பஸ்ஸேறி வாறீங்களே. இந்தாங்க, எங்களுக்குத் தேவையில்ல."

அழகையா பதறிப்போய்க் கதிரையை விட்டு எழுந்தார். "வைங்க மாப்பிள்ள, எடுத்த எடத்துல வைங்க! அது சஞ்சீவனி பேர்ல இருக்கிற சாமான்!"