உஸ்திக்காவில் ஒரு திங்கட்கிழமை

போன கிழமை நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் பேத்தி கடலுக்குப் போக வெளிக்கிட்டு நின்றவள், முதுகில் பூசிவிடச் சொல்லி வெயில் கிறீம் போத்தலை என் கையில் தந்தாள். மூடியைத் திறந்ததும் தேங்காய் வாசம். எங்கடை தேங்காயெண்ணெய் வாசம் இல்லை. சீனியும் பூவும் போட்டுக் கெடுத்த ஒரு வாசம். பாதி முதுகில் என் கை நின்றுவிட்டது. என்ன என்று அவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லி மிச்சத்தையும் பூசிவிட்டேன்.

அதே வாசக் கிறீம் ஒன்றை நானும் ஒருக்கால் வாங்கினேன். தொண்ணூற்று மூன்றோ நாலோ, ஜூன் மாதம்.

"கறுத்த எங்களுக்கு என்னத்துக்கு இது?" என்று என் மனிசன் சிரித்தார்.

"இஞ்சை கடலுக்குப் போற எல்லாரும் பூசினம்" என்றேன். எனக்குத் தெரிந்த கடல் பயணம் அவ்வளவுதான். லிபெர்த்தா வீதிப் பக்கத்து வீடுகளில் வேலை செய்து, ஐந்து வருஷமாக மற்றவர்களின் கடல் துவாய்களிலிருந்து மணலை உதறியிருக்கிறேன், குழந்தைகளின் ஈர உடுப்புகளை அலசியிருக்கிறேன். மன்னாரில் பிறந்த எனக்குக் கடல் என்றால் வேலைக்குப் போகிற இடம். சும்மா குளித்துவிட்டு வரப் போகலாம் என்பதே இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்துதான் தெரியும்.

அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். திங்கட்கிழமை கடை பூட்டு. நானும் லீவு கேட்டு எடுத்தேன். உஸ்திக்காத் தீவுக்குக் காலையில் கப்பலில் போய்ப் பின்னேரக் கப்பலில் திரும்பலாம் என்று கோவிலில் ஆரோ சொன்னார்கள். நாங்கள் வெளிக்கிட்ட கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அவர் அயன் பண்ணின காற்சட்டை, சப்பாத்து. நான் ஈஸ்டருக்குக் கட்டின சீலை. துவாயில் சுற்றின பெரிய சட்டியில் சோறும் மீன் குழம்பும். கப்பலில் அரைவாசி உடுப்போடு நின்ற சனம், நாங்கள் ஏதோ ஞானஸ்நானத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும்.

பயணம் நிரோவுக்காகத்தான். என் மகள். இரண்டு வயதில் அவளை என் தங்கச்சி ஜெசிந்தாவிடம் விட்டுவிட்டு வந்தேன். ஊரில் சண்டை முற்றியபோது ஜெசிந்தா அவளைத் தூக்கிக்கொண்டு போட்டில் ராமேஸ்வரம் போனாள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அகதி முகாமில் ஜெசிந்தா காய்ச்சல் வந்து செத்துப்போனாள் என்று கடிதம் வந்தது. பிறகு அதே முகாமிலிருந்த என் மனிசனின் தமையன்தான் பிள்ளையைப் பார்த்தார். ஜெசிந்தாவைத் தாட்ட இடம் என்று அவர் அனுப்பின படம் ஒன்று, பூமாலை போட்ட ஒரு மரச் சிலுவை, எங்கள் அறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் அதைத் தொட்டுக் கும்பிடுவேன்.

நிரோ வந்து சேரும்போது அவளுக்கு எட்டு வயது. மூன்று மாதமாக ஒரே அறையில் படுத்தோம். என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. அன்ரி என்றும் கூப்பிடவில்லை. ஏதும் வேணுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் சிரிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான், ஆனால் அந்த வயதில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கப்பலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "தண்ணி எவ்வளவு கொண்டுவந்தனீங்கள்?"

தாகமாக்கும் என்று போத்தலைக் கொடுத்தேன். குடிக்கவில்லை. சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகாமில் வரிசையில் நின்று தண்ணி பிடித்த பழக்கம் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

உஸ்திக்கா கறுத்தக் கல்லுத் தீவு. சின்னத் துறைமுகம், மேலே வெள்ளையும் மஞ்சளுமாக வீடுகள், கண் கூசுகிற வெயில். நாங்கள் இறங்கிச் சட்டியை எங்கே வைக்கலாம் என்று நிழல் தேடிக்கொண்டு நின்றோம். எங்களை இறக்கின கப்பல் கயிறைக் கழற்றிக்கொண்டு பலெர்மோவுக்குத் திரும்பியது.

நிரோ அதைக் கண்டாள். என் கையை உதறிவிட்டு ஓடத் தொடங்கினாள். துறைமுகத்து ஓரத்தால், கப்பலைப் பார்த்து, "சித்தி! சித்தி!" என்று குழறிக்கொண்டு ஓடினாள். சீலையோடு என்னால் ஓட முடியவில்லை. அவர் சப்பாத்து வழுக்கி விழுந்தார். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு மனிசன், தண்ணிக்குள் விழ இரண்டு அடி இருக்கையில், அவளை வயிற்றில் பிடித்துத் தூக்கினான்.

ஒன்று சொல்லவேணும். அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பொறாமை. செத்துப்போன என் தங்கச்சியைத்தானே கூப்பிடுகிறாள் என்ற பொறாமை.

மதிலோரத்து நிழலில் அவளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இஞ்சையும் எங்களை விட்டிட்டுப் போட்டாங்கள்" என்றாள்.

"இல்லையம்மா, பின்னேரம் வேறை கப்பல் வரும்."

"அண்டைக்கும் வேறை போட் வரும் எண்டுதான் பெரியாக்கள் சொன்னவை."

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள், அழாமல். இருட்டில் போட்டுக்காரன் இதுதான் இந்தியா, இறங்குங்கோ என்று இறக்கிவிட்டுப் போனானாம். விடிந்து பார்த்தால் நடுக்கடலில் ஒரு மணல்திட்டு. மரம் இல்லை, ஒன்றும் இல்லை. பதினைந்து பேருக்கு ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணி. ஆக்கள் கையால் மணலைத் தோண்டிப் பார்த்தார்களாம், உப்புத் தண்ணிதான்.

"சித்தி தன்ரை சீலையைக் கழட்டி எனக்கு மேலை போர்த்தவ. தன்ரை தண்ணியையும் எனக்குத்தான் தந்தவ. அடுத்த நாள் மத்தியானம் எழுப்பினன், எழும்பேல்லை. அங்கையே மணலுக்குள்ளை தாட்டவை. பிறகுதான் மீன்பிடிக்கிற போட் வந்தது."

நான் அவரைப் பார்த்தேன். முழங்காலில் ரத்தம் வழிய, நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்க்காத அந்த விதத்திலேயே விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"அப்ப அந்தப் படத்திலை இருக்கிற சிலுவை?"

"ஆரின்ரையோ தெரியாது. நான்தான் அண்ணனுக்கு எழுதி, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னனான்." முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போட்டிலை ஏறு எண்டு தங்கச்சிக்கு எழுதினது நீர். எனக்கு வேறை என்ன செய்யத் தெரியும்?"

உண்மை. நான்தான் எழுதினேன். யோசிச்சுக்கொண்டிராதை, பிள்ளையைக் கொண்டு உடனே போட்டில் ஏறு என்று, இரண்டு வரிக்குக் கீழே கோடும் போட்டு எழுதினேன்.

அவரை அடிக்கவேணும் போலவும் இருந்தது, அவரின் காலில் விழவேணும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சட்டியைத் திறந்து பிள்ளைக்குச் சோறு குழைத்தேன். அவள் மூன்று வாய் சாப்பிட்டாள். பின்னேரம் வரைக்கும், ஐந்து மணித்தியாலம், அந்த மதிலோரத்தை விட்டு நாங்கள் அசையவில்லை. கடல் தெரிகிற இடத்தில்தான் இருப்பேன் என்று அவள் நின்றாள். வெயில் சுற்றி வர வர நாங்களும் நிழலோடு நகர்ந்தோம். எங்களுக்கு முன்னால் சனம் குதித்துக் குளித்தது, ஐஸ்கிறீம் தின்றது, வானொலியில் பாட்டுப் போட்டது. கிறீம் போத்தலை அவள் முகத்தில் பூச எடுத்தேன். எடுத்தபடியே வைத்துக்கொண்டு இருந்தேன். கப்பல் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் நிரோ தண்ணிப் போத்தலைத் திறந்தாள். அப்போதும் தான் குடிக்கவில்லை. என் வாயில் வைத்தாள்.

"குடியுங்கோ அம்மா."

மூன்று மாதமாக நான் காத்திருந்த சொல். ஒரு வாய் மட்டும் குடித்தேன்.

அந்தச் சிலுவைப் படத்தை நான் எறியவில்லை. ஆரோ ஒருவருடையது, அவருக்கும் அழ ஒராள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதைப் பற்றி நானும் அவரும் பிறகு கதைத்ததே இல்லை. கதைக்காமலே பதினெட்டு வருஷம் ஒன்றாக இருந்தோம். அவர் செத்துப்போய்விட்டார். நிரோ கலியாணம் கட்டி இங்கிலாந்துக்குப் போனாள். எங்களோடு பூசைக்கு வந்த முக்கால்வாசிக் குடும்பங்களும் அங்கேதான். தமிழ்ப் பூசையில் பின்வரிசை வாங்குகள் இருக்க ஆளில்லாமல் வெறுமையாகக் கிடக்கின்றன.

கிறீம் பூசின அன்று இரவு நிரோவோடு போனில் கதைத்தபோது கேட்டேன். "உஸ்திக்காவுக்கோ? நாங்கள் போனனாங்களோ அம்மா?" என்றாள். பொய் சொல்லவில்லை, குரல் தெரியும் எனக்கு. முகாமைப் பற்றிக் கொஞ்சம் ஞாபகம் இருக்காம். அதற்கு முந்தி ஒன்றும் இல்லையாம். நல்லதுதான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு அழுதேன்.

இப்ப இரண்டு வருஷத்துக்கு முந்தி, மன்னாரில் கடற்றொழில் செய்த ஒருவர் மகனைப் பார்க்க இங்கே வந்திருந்தார். பூசை முடிய அவரிடம் அந்தத் திட்டுகளைப் பற்றி விசாரித்தேன், ஒருநாள் போய் ஒரு மெழுகுதிரியாவது கொளுத்தலாமோ என்று.

"அது நிண்ட இடத்திலை நிக்காது பிள்ளை" என்றார். "ஒவ்வொரு காத்துக்கும் மணல் நகரும். ஒண்டு தாழும், வேறை ஒண்டு கிளம்பும். அந்த நேரம் இருந்த திட்டு இப்ப இல்லை."