சாவி வைத்த கம்ப்யூட்டர்

1991இல் சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் என் அத்தை. அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவர். கல்யாண நகையை விற்று, முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து, டைப் அடித்துக் கொடுத்துப் பிழைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது படுத்துக்கொண்டால் விற்க இன்னொரு நகை கிடையாது.

பட்டணத்து வியாபாரி வேனில் இரண்டு கொண்டுவந்தார். ஒன்று ஒயிலாக நிமிர்ந்து நின்றது. முகப்பில் பச்சை விளக்கு, பக்கத்தில் சாவித் துளை. மற்றது அரிசி மூட்டைபோலக் குந்தியிருந்தது. சாவி எதற்கு, உள்ளே பல்லி போகாமலிருக்கவா? நான் கேட்டுக் கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியதுதான் மிச்சம்.

"மோட்டாரு ஓடுற நேரத்துல எங்கூர்ல லைட்டே அழுதுகினு எரியும். இது தாங்குமா?" என்றார் அத்தை.

"அதெல்லாம் ஜோரா தாங்கும்மா" என்றார் வியாபாரி.

"அப்போ இருந்து பாத்துட்டே போங்க."

பம்புசெட்டுக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வரும்வரை மனிதர் எங்கள் வீட்டு மோரைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தார். வந்தது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார்கள் ஓடத் தொடங்க, பல்பு மஞ்சளாக மங்கியது. ஒயிலான பெட்டி பொசுக்கென்று அணைந்தது. குண்டுப்பெட்டியோ அசரவே இல்லை! எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது.

"இன்னும் இன்னா யோசன? குண்டுப்பெட்டிய எடு" என்றார் அப்பா.

அத்தை சாவித் துளை வைத்த பெட்டியின்மேல் கைவைத்தபடி வியாபாரியைப் பார்த்தார். "அதுல கீற பவர் சப்ளைய எடுத்து இதுல மாட்டிக் குடுங்க. பெட்டி எனக்கு இதான் வோணும்."

"பூட்டு இன்னாத்துக்கு? நம்ம வூட்ல இன்னா திருடனா கீறான்?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

வியாபாரி முனகிக்கொண்டே மாற்றிப் பொருத்தினார். திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். பல்பு மங்கியபோதும் அணையாமல் ஓடியது.

"சாவி கீபோர்ட மட்டுந்தான் பூட்டும்மா. நாலு ஸ்க்ரூவக் கழட்டுனா யார் வேணா தெறக்கலாம்" என்றார் அவர்.

"தெரியும்" என்று அத்தை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

தெரிந்தும் இந்த அம்மாளுக்கு எதற்கு வீம்பு என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டில் பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும், நெல் அறைச் சாவி அப்பாவிடம் இருக்கும். ஊசி நூல் வேண்டுமானால்கூட எல்லோரும் அத்தையின் டிரங்குப் பெட்டியைத்தான் திறப்போம். அதற்குப் பூட்டு இல்லை.