மாமியார் பெயரில் வாங்கிய மாத்திரை

ரோஸ்லின் அக்கா போய்விட்டார் என்று தருவைகுளத்திலிருந்து அவர் கணவர் போனில் சொன்னபோது, நானும் அக்காவும் சேர்ந்து வேலைபார்த்த எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில்தான் இருந்தேன். "வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. வலி மாத்திரைதான் காரணம்னு சொல்லுதாவ" என்றார். நம்ப முடியவில்லை. வலி மாத்திரை விஷயத்தில், இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நம் எல்லோரையும் அதட்டி வைத்திருந்தவர் அல்லவா அவர்?

அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்குத் தெரியும். தீராத வலி என்று யார் வந்தாலும், சீட்டை வாங்குமுன் "பையக் கவுத்துங்க" என்பார். வீட்டில் சாப்பிடும் அத்தனையும் கவுண்டரில் கொட்ட வேண்டும்; பிரஷர் மாத்திரை, வைத்தியர் பொடி, பக்கத்து வீட்டில் வாங்கிய பாதி அட்டை உட்பட. ஒருமுறை உப்பளத்தில் வேலைபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார்.

"பேருதான் வேற. ரெண்டும் ஒரே மருந்து அண்ணாச்சி."

"ஒண்ணு இடுப்புக்கு, ஒண்ணு முட்டிக்குன்னுல்லா கடையில தந்தான்?"

"மாத்திரைக்கு வழி தெரியுமாக்கும், முட்டிக்குப் போக? ஒங்க கிட்னி என்ன மீன் செதிலா, உதுந்தா திரும்ப மொளைக்க?"

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. டாக்டரை அழைத்து, எதை நிறுத்துவது என்று கேட்ட பிறகே அண்ணாச்சியை அனுப்பினார்.

என் கழுத்துவலிக்கு நரம்பு மாத்திரை தந்திருந்தார்கள். தூக்கத்துக்கு வேறொன்று போடுகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அக்கா வேலையை நிறுத்திவிட்டார். "ரெண்டும் சேந்தா மூச்சே மந்தமாயிரும், ஏளா. எழுதுன மருந்துக்கு டாக்டர் பொறுப்பு. மறைச்ச மருந்துக்கு யாரு பொறுப்பு?" அன்று அவர் மேல் எனக்கு வந்த மரியாதை சாதாரணமானதல்ல.

அக்காவுக்கும் இடுப்புவலி உண்டு. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டார். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் என்று எங்கள் டாக்டர் அவருக்கு வீரியமான வலி மாத்திரை எழுத மறுத்துவிட்டார். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

சென்ற வருடத்திலிருந்து சாயர்புரத்து டாக்டர் ஒருவரின் சீட்டை மாதந்தோறும் என்னிடம் நீட்டுவார். மாமியார் பெயர். வீரியமான மாத்திரைதான். "அத்தைக்கு வயித்துப் புண் ஏதும் இல்லையே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "அவியளுக்கா? கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்று சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இனி ஒங்க மாத்திரைய நான் கொண்டு வாரேன் அத்தை" என்றேன்.

"எனக்கேதுளா மாத்திரை? எண்ணெயத் தேச்சிட்டுக் கெடக்கேன். அவதான் நிக்க முடியாமக் கெடந்தா. வெளிய தெரிஞ்சா, வேலைக்கு வராண்டாம், வீட்டுல இருன்னு சொல்லிருவாவன்னு பயந்தா."

வலியை மறைத்ததைக்கூட மன்னிக்கலாம். நின்றே வேலை செய்யும் எங்களுக்கு அந்தப் பயம் புரியும். ஆனால் அந்த மாத்திரையை வாங்க ஊரில் எத்தனையோ கடை இருக்க, தான் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த என்னிடமே பொய்யான பதிலைச் சொல்லி, என் கையாலேயே வாங்கினாரே, அதை என்ன செய்வது?

நீங்கள் எல்லோரும் அவருடைய அன்பைப் பேசுகிறீர்கள். பேசுங்கள், அதுவும் உண்மைதான். என்னிடம் தங்கியது வேறு. இப்போது யாராவது மாமியாருக்கு, அண்ணனுக்கு என்று வலி மாத்திரை கேட்டால், சாப்பிடப் போகிறவரிடமே பேச வேண்டும், போன் போடுங்கள் என்கிறேன். நேற்று ஒரு பெண் கோபப்பட்டாள். "இத்தன வருசமா வாரேன், என்னய நம்ப மாட்டியளா?"

"மாட்டேன்மா" என்றேன்.